குடாநாட்டுச் சுற்றுலாவுக்கு வாடகைச் சைக்கிள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலை என்று ஓர் ஊர்ப்பெயர் உண்டெனினும், அங்குச் செல்வோர் காண்பது கடலோரக் கேணியையும் சுண்ணாம்புப் பாறையையுமே. நிலம் முழுதும் தட்டையாய் இருத்தலின், ஊர் பார்க்க வருவோர் பலர் எந்தச் சைக்கிளாயினும் போதும் என்று எண்ணி, விடுதி வாயிலிற் சார்த்தியிருக்கும் முதல் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு புறப்பட்டு விடுகின்றனர். நண்பகல் ஆகுமுன்னரே அவருட் சிலர் அவ்வண்டியைத் தள்ளிக்கொண்டு வெயிலில் நடப்பதைக் காணலாம்.

ஏற்ற இறக்கம் இல்லாமை ஒன்று. ஒரே தன்மையான தரை என்பது மற்றொன்று. குடாநாட்டில் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் தார் வீதி, செம்பாட்டு ஒழுங்கை, கிரவல் பாதை, கடற்கரை மணல் ஆகிய நான்கும் சில்லின்கீழ் வந்து போகும். வீதி தட்டையாயிருப்பதனாலேயே காற்றுக்கும் தடையில்லை. ஆதலின் இங்கே சைக்கிளைத் தெரிந்தெடுப்பதென்பது, பல நிலத்துக்கும் ஒரு காற்றுக்குமாகச் சேர்த்துத் தெரிந்தெடுப்பதாகும்.

சைக்கிள் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. ஆங்கில நாட்டு றலி வண்டியைத் தந்தை மகனுக்கு விட்டுச் சென்ற வீடுகள் பல. 1990ஆம் ஆண்டுகளில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் நெல்மூடையும் விறகுக்கட்டும் நோயாளியும் சைக்கிளிலேயே சென்றனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, கையிற் கிடைத்த பொருளைச் சுமந்து சென்றவற்றுள்ளும் அது முதன்மையானது. 2022இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது மூலையிற் கிடந்த வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. ஆனால் ஊரவர் தத்தம் வண்டியின் குணத்தை அறிவர். எந்த ஒழுங்கையில் ஏறிப் போகலாம், எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்பதையும் அறிவர். வாடகைக்கு எடுப்பவருக்கு இவ்விரண்டும் தெரியா. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீளவும் ஓடத் தொடங்கியபின், புகையிரதத்தில் வந்திறங்கி, சைக்கிள் எடுத்துச் சுற்றுவோரும் உளர். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள், தம் பெற்றோர் பிறந்த ஊரைப் பார்க்கவென்று வருவோர், இவருள் அடங்குவர்.

நோர்வே, சுவிற்சர்லாந்து, கனடா முதலிய நாடுகளில் வளரும் அப்பிள்ளைகளுக்கு இச்செய்தியை விளக்குதல் எளிது. குளிர்கால விடுமுறையிற் பனிமலைக்குச் செல்லும்போது சறுக்குப் பலகைகளை வாடகைக்கு எடுக்கும் வழக்கம் அங்கெல்லாம் உண்டு. காசுமீரத்துக் குல்மார்க்கிலும் உண்டு. இறுகிய பனித்தடத்துக்கு, காலடியில் 70 மில்லிமீற்றர் அளவான ஒடுங்கிய பலகை உகந்தது. புதிதாய் விழுந்த தூள்பனிக்கு 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அகன்ற பலகை வேண்டும். ஒடுங்கியது தூளிற் புதையும். அகன்றது உறைபனியில் விளிம்பு பிடியாது வழுக்கும். காலையில் உறைந்தும் பிற்பகலில் இளகியும் கிடக்கும் கலப்புப் பனிக்கு 80 முதல் 95 வரையான இடைத்தரப் பலகையே கொடுக்கப்படும். அத்துடன் கடைக்காரர், வருபவரின் எடை, உயரம், வயது, சறுக்கும் திறமை, சப்பாத்தின் நீளம் ஆகியவற்றைக் கேட்டு, விழும்போது கால் தானே விடுபடுமாறு பூட்டின் இறுக்கத்தைத் திருத்துவர். இத்தனை கேள்வியும் கேட்டு வாங்கிப் பழகிய ஒருவர், யாழ்ப்பாணத்திற் சைக்கிள் எடுக்கும்போது மட்டும் ஒன்றும் கேளாது எடுத்துச் செல்வது வியப்புக்குரியதே. இங்கே பனிக்குப் பதில் மணல். பலகைக்குப் பதில் ரயர்.

முதலில் நிலத்தை நோக்குவோம். வலிகாமத்தின் பெருவீதிகள் தாரிட்டவை. அவற்றைவிட்டு உள்ளே திரும்பினால், உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் ஆகிய பகுதிகளில் செம்பாட்டு ஒழுங்கைகள். வெயிற்காலத்தில் அம்மண் கெட்டியாயிருக்கும். எந்த ரயரும் அதன்மேல் ஓடும். மாரியில் ஒரு மழை பெய்தாலோ அது களியாய்ச் சில்லிலே சுற்றி, மட்காட்டுக்குள் அடைந்து, சில்லைச் சுழலவிடாது செய்துவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை வருவோர் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி உண்டா என்று பார்த்து எடுத்தல் வேண்டும்.

வடமராட்சிக்குச் செல்பவர் வல்லைவெளியைக் கடத்தல் வேண்டும். மரநிழலற்ற, உவர்நிலம் சூழ்ந்த திறந்த வெளி அது. அப்பால் பருத்தித்துறை, வல்லிபுரம், பின் மணற்காடு. மணற்காட்டிலே காற்று குவித்த மணற்குன்றுகளும், அம்மணலைத் தடுக்க நட்ட சவுக்கு மரங்களும், புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களும் காண்போரை ஈர்ப்பன. குடாநாட்டிலே சைக்கிளுக்கு மிகக் கொடிய நிலமும் இதுவே. தீவகப் பாதை வேறு வகை. பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் இறங்குதுறை ஏறத்தாழ 30 கிலோமீற்றர்; வழியில் இருபுறமும் கடல், உப்புக்காற்று. குறிகட்டுவானிலிருந்து படகேறினால் நெடுந்தீவு. அங்கே முருகைக்கல் மதில்களுக்கிடையே செல்லும் பாதைகளிற் சிதறிக் கிடக்கும் கற்கள் மெல்லிய ரயரைக் கடித்துவிடும்.

இனி ரயர். அதன் அளவு பக்கச் சுவரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய றலி வகை வண்டிகளில் 28 அங்குலச் சில்லும் ஒன்றரை அங்குல ரயரும், சிறிய வண்டிகளில் 26 அங்குலச் சில்லும் ஒன்றே முக்காலுக்குக் குறைந்த ரயரும் பெரும்பாலும் காணப்படும். மலைச் சைக்கிள் எனப்படுவதன் ரயர் இரண்டு அங்குலம் வரை அகன்றது. பந்தயச் சைக்கிளினதோ ஓர் அங்குலமே.

அகலம் ஏன் வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கினால் உணரலாம். ரயருக்குள் இருக்கும் காற்றின் அமுக்கமும், அந்த ரயர் நிலத்தை அமுக்கும் அமுக்கமும் ஏறத்தாழ ஒன்றே. சைக்கிளும் ஏறியவரும் சேர்ந்து 90 கிலோ, அதாவது ஏறத்தாழ 200 இறாத்தல் எனக் கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல் வீதம் காற்றடித்தால், இரு சில்லும் சேர்ந்து நிலத்தைத் தொடும் பரப்பு 4 சதுர அங்குலம். அதனை 25 இறாத்தலாகக் குறைத்தால் தொடும் பரப்பு 8 சதுர அங்குலமாகும். பரப்பு கூடக்கூட மணல் அமிழ்வது குறையும். ஆனால் ஒடுங்கிய ரயரிலே காற்றை இவ்வாறு குறைத்தல் ஆகாது. குறைத்தால் கல்லோ குழியோ தட்டும்போது றிம் ரியூப்பை நெரித்து இரண்டு துளை செய்துவிடும். அகன்ற ரயரில் அந்த இடம் உண்டு, ஒடுங்கியதில் இல்லை. அகன்ற ரயரின் உண்மையான பயன் இதுவே. அதன் உடையவர் நிலத்துக்கு ஏற்பக் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவராகிறார்.

அவ்வாறாயின் எல்லோரும் மிக அகன்றதையே எடுக்கலாமே எனின், அதுவும் பிழை. மலைச் சைக்கிளின் கட்டை கட்டையான ரயர் தார் வீதியில் இரைந்துகொண்டு இழுபடும். மூன்று நாட் சுற்றுலாவில் மணல் வருவது சில கிலோமீற்றர். தார் வீதி வருவதோ நூறு கிலோமீற்றர் வரையில் ஆகலாம். சில நூறு யார் மணலுக்காக முழு வழியும் சுமை இழுப்பது அறிவுடைமையன்று. ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் அங்குலம் வரை அகன்று, நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் மட்டும் சிறு வெட்டுகளோடும் உள்ள ரயரே குடாநாட்டுக்கு உகந்தது. தார் வீதியில் 50 இறாத்தல் அளவும், கிரவலிலும் நெடுந்தீவுக் கல்லிலும் 40 அளவும் காற்று இருக்கலாம். எனினும் ரயரிற் பொறித்துள்ள எல்லைகளை மீறலாகாது. உடல் கனத்தவருக்குச் சிறிது கூட்டியும் சிறுவருக்குக் குறைத்தும் கொள்க. மணற்காட்டுக் குன்றுகளில் எந்த ரயரும் உதவாது. சவுக்கு நிழலில் வண்டியைப் பூட்டிவிட்டு நடப்பதே முறை.

அகன்ற ரயர் சிலருக்கு வேறொரு துணிவையும் கொடுத்துவிடுகிறது. பாதை விட்டிறங்கிப் பற்றைக்குள் ஓட்டிப் பார்க்கும் துணிவு. குடாநாட்டின் தெற்கு வாயிலான முகமாலைப் பகுதியில், 2009இல் போர் முடிந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரும் கண்ணிவெடி அகற்றும் பணி நடைபெற்றது. அப்பக்கம் செல்வோர் எச்சரிக்கைப் பலகையையோ கட்டிய நாடாவையோ கண்டால், அதற்கப்பால் ஓரடியும் வைத்தல் கூடாது. பாவனையிலுள்ள வீதியை விட்டு எவ்விடத்தும் விலகாதிருத்தலே அங்குப் பாதுகாப்பு.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையன்று. குடாநாட்டுச் சைக்கிள்காரருக்கு மலை அதுவே. காற்றின் தடை வேகத்தின் வர்க்கப்படி ஏறும். மணிக்கு 15 கிலோமீற்றர் செல்லும் ஒருவருக்கு, 20 கிலோமீற்றர் வேகமான காற்று எதிரே வீசுமாயின், அவரை மோதும் வேகம் 35. தடையோ காற்றில்லாத வேளையிலும் ஐந்து மடங்குக்கு மேல். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். அப்போது குறிகட்டுவானுக்குப் போவது எதிர்க்காற்று, திரும்புவது முதுகுக்காற்று. மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்போது போவது இலகு, களைத்துத் திரும்பும்போதுதான் காற்று முகத்திலடிக்கும். வாடைக் காலத்தில் தீவகம் போவோர் பாதி வலுவை மீதி வைத்துக்கொண்டு, திரும்பும் படகின் நேரத்தையும் முன்னரே கேட்டறிந்து புறப்படுதல் வேண்டும். கடைசிப் படகைத் தவறவிட்டவர் அன்றிரவு தீவிலேயே தங்க நேரும். வண்டியைப் படகில் ஏற்றலாமா என்பதையும் இறங்குதுறையிற் கேட்டுக்கொள்க.

இக்காற்றுக்காகவே கியர் உள்ள வண்டி நன்று. இருபத்தொரு கியர் என்று சொல்லிக் கூடுதல் வாடகை கேட்டால் மயங்க வேண்டுவதில்லை. மூன்று முதல் ஏழு வரை இருந்தாற் போதும். சில்லின் குடத்துக்குள் மூடிய கியராயின் மணலும் உப்பும் புகா. வெளியே தொங்கும் கியராயின் ஏறி ஓடிப் பார்த்து, ஒவ்வொன்றும் தடையின்றி மாறுகிறதா என்று அறிந்தபின் எடுத்தல் வேண்டும்.

பிறேக்கைச் சோதிக்கும் முறை பலருக்கும் தெரிந்ததே: முன் பிறேக்கைப் பிடித்து வண்டியை முன்னே தள்ளினாற் பின்சில்லு மேலெழ வேண்டும். ஆனால் உருக்கு றிம் நனைந்தால் பிறேக்கின் பிடி பெரிதும் குறையும். மாரியில் அலுமினிய றிம் உள்ளதைக் கேட்டு வாங்குவது உயிர்க்காப்பு. பேருந்தும் பாரவூர்தியும் விரையும் கண்டி வீதியில் இதனை மிகையென்று கூற இயலாது. இருக்கையின் உயரம், பெடல் தாழ்ந்து நிற்கையில் அதன்மேல் குதிக்கால் வைத்தாற் கால் நேராகும் அளவினதாய் இருத்தல் வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெரியவரின் வண்டியைக் கொடுத்து, எட்டி எட்டி மிதிக்க விடும் பெற்றோர் உளர். ஊரில் அப்படித்தான் பழகினோம் என்பர். அன்று வீதியில் ஓடிய வாகனங்கள் எத்தனை என்பதை அவர்கள் நினைந்து பார்ப்பதில்லை.

எடுக்குமுன் சில்லை உயர்த்திச் சுழற்றி, அது வளைந்தாடுகிறதா, கம்பிகள் தளர்ந்துள்ளனவா என்று நோக்குக. மணியும் விளக்கும் கேட்டுப் பெறுக. ஒழுங்கைகளில் நெருஞ்சி முள்ளும், வேலியிலிருந்து விழும் பனங்கருக்கும் கிடக்கும். ஆதலின் ரியூப் ஒட்டும் பொருளும் பம்பும் வண்டியோடு வருமா, வழியில் ஒட்ட நேர்ந்தாற் கூலி யாருடையது என்பதைப் பேசிக்கொள்ளுதல் நலம். இரண்டாம் நாள் வேறு வண்டிக்கு மாற்றித் தருவீர்களா என்றும் கேட்கலாம். பனிமலைக் கடைகள் பலவற்றிற் பலகையை மாற்றித் தருவது போல, இங்கும் இணங்குவோர் இருக்கக்கூடும். வண்டியிலுள்ள பழைய கீறல்களை உரிமையாளர் முன்னிலையிற் காட்டிவிட வேண்டும். தீவகம் சென்று திரும்பிய மாலையில் சங்கிலியையும் றிம்மையும் நன்னீரால் துடைத்து, இரண்டு துளி எண்ணெய் விட்டு வைத்தால், மறுநாட் காலையிற் சங்கிலி கிறீச்சிடாது.