அட்சதை விழும் அந்த நொடி

ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இல் ஒரு கெடு வைத்தது: 2025க்குள் கணினிக்கு மாற்றப்படாத காந்த நாடாக்களில் பெரும்பாலானவை இனி மீளாது. அந்த ஆண்டும் முடிந்துவிட்டது. மாட்டுங்கா, செம்பூர் வாசகர்களின் கடிதங்களில் பதற்றம் தெரிகிறது. டிசம்பர் 31 நள்ளிரவில் எந்த நாடாவும் செத்துப்போகவில்லை. அந்தக் கெடுவை நாடாவைவிட அதை ஓட்டும் கருவிக்கும் பழுது பார்க்கும் கைக்கும் வைத்ததாகப் படிப்பதே பொருந்தும். மினி டிவி கேசட்டை உள்ளது உள்ளபடி கணினியில் இறக்கும் வழி ஃபயர்வயர். 2025 செப்டம்பரில் வந்த மேக் இயங்குதளம் அதைக் கைவிட்டுவிட்டது.

கடிதங்களின் அசல் கேள்வி வேறு. கல்யாணம் கேசட்டில், வளைகாப்பு ஹார்ட் டிஸ்க் ஹேண்டிகேமில். எது தரமானது, எதை முதலில் காப்பாற்றுவது? பின்னால் வந்தது என்பதால் ஹார்ட் டிஸ்க்தான் உசத்தி என்று பலரும் நம்புகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கேசட்டில் ஒவ்வொரு படமும் தனித்தனியே சுருக்கப்படுகிறது: நொடிக்கு 25 படம், 25 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி ஆகும். 2006 வாக்கில் வந்த 30 ஜிபி ஹார்ட் டிஸ்க் கேமராவில் அந்த விகிதப்படி இரண்டேகால் மணி நேரம்தான் கொள்ளும். விளம்பரமோ உயர்தரத்தில் ஏழு மணி நேரம் என்றது. 'உயர்தரம்' என்றால் அந்தக் கேமராவுக்கு எட்டும் உச்சம், அவ்வளவுதான். எம்பெக்-2 முறையில் ஏறக்குறைய அரை நொடிக்கு ஒரு முழுப்படத்தை எழுதிவிட்டு, இடைப்பட்ட படங்களுக்கு எது மாறியது, எது நகர்ந்தது என்ற குறிப்பை மட்டும் அது வைத்துக்கொண்டது. நொடிக்கு 9 மெகாபிட்டில் வேலை முடிந்தது.

கெட்டிக்காரத்தனம்தான். பாட்டி நாற்காலியில் அமர்ந்து ஆசி சொல்லும்போது பின்சுவர் மாறுவதில்லை. அதை மறுபடி மறுபடி எழுதுவது வீண். ஆனால் மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கித் தாலி ஏறும்போது நாலாபுறமிருந்தும் அட்சதை பறக்கிறது, ஃபிளாஷ்கள் வெட்டுகின்றன. ஒவ்வொரு அரிசிமணியும் ஒரு மாற்றம். ஃபிளாஷ் வெட்டினால் படம் முழுக்கவே மாறிவிடுகிறது, முந்தைய படம் உதவிக்கு வராது. 9 மெகாபிட்டோ கூடுவதில்லை. பற்றாக்குறை மணமகள் முகத்திலும் சரிகையிலும் கட்டம் கட்டமாகத் தெரியும். தாராவி 90 அடிச் சாலையில் வரிசையாகப் பொங்கல் பொங்கும்போது எழும் புகையிலும் இதே கதிதான். எந்த நொடிக்காகக் கேமரா வாங்கினோமோ அந்த நொடியில் திணறும் முறை இது.

9 என்பதால் தரமும் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்ல வரவில்லை. அமைதியான காட்சியில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. லென்ஸ் சுமாரானால் கேசட்டும் சுமார்தான். பின்னர் வந்த ஏவிசிஹெச்டி ஹார்ட் டிஸ்க் கேமராக்கள் 1080 வரிகளால் கேசட்டின் 576ஐத் தாண்டிவிட்டன என்பதும் உண்மை. அதே சிறு கேசட்டில் பதிவான ஹெச்டிவியும் இந்த இடைப்படக் குறிப்பு முறையைத்தான் கையாண்டது. ஆகவே நாடாவா, தட்டா என்பதில் தரம் இல்லை. எத்தனை பிட், எப்படிச் சுருக்கியது என்பதில் இருக்கிறது.

இதை மறந்தவர்கள்தான் கேசட்டைக் கடையில் கொடுத்து டிவிடியாக வாங்கி வருகிறார்கள். மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயர் வழியே போன படம் மறுபடி எம்பெக்-2 ஆகிறது. கேசட்டுக்கு இல்லாத நோயைக் காசு கொடுத்து வாங்குகிறோம். 'ஹெச்டி கன்வர்ஷன்' என்பது இல்லாத வரிகளை ஊகித்து நிரப்புவது. ஒரு மணி நேர மினி டிவி கேசட்டுக்கு 13 ஜிபிக்கு வெகுவாகக் குறைந்த ஃபைல் வந்தால், இடையில் யாரோ நசுக்கியிருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க் கேமராவிலிருந்து ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் போதும், ஒரு மாலை வேலை; டிஸ்க் திடீரென்று போகும் என்பதால் இன்றே செய்யலாம். பணமும் நேரமும் கேசட்டுக்கே.

மீதிக் கேள்விகள். பூஞ்சை பிடித்த கேசட்டை ஓட்டிப் பார்க்கலாமா? கூடாது, ஹெட்டும் கெடும்.

எடுத்த கேமரா பழுதானால்? எஸ்பி என்ற வழக்கமான வேகத்தில் பதிவானது வேறு மினி டிவி கேமராவிலும் ஓடும், எல்பி என்ற மெதுவான வேகத்தில் பதிவானது சந்தேகம்.

பழைய மேக்கை எடைக்குப் போடலாமா? கேசட்டுகள் தீரும்வரை வேண்டாம்.

இறக்கியதை எங்கே வைப்பது? இரண்டு டிஸ்க்கில், இரண்டு வீட்டில்.