ஓநாயில்லாத நாட்டில் ஓநாய்ப் பயம்

ஓநாய் என்றதும் வஞ்சகமும் கொடூரமுமே எமது நினைவுக்கு வருகின்றன. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையைத் தமிழ் பேசும் மக்கள் அனைவரும் அறிவர். எனினும் இலங்கைக் காடுகளில் ஓநாய் கிடையாது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த நரியே இங்குண்டு.

புனித குர்ஆனின் யூசுப் அத்தியாயம் இவ்விடத்தில் சிந்திக்கத்தக்கது. நபி யூசுப் (அலை) அவர்களைக் கிணற்றில் போட்ட சகோதரர்கள், ஓநாய் தின்றுவிட்டதாகத் தந்தையாரிடம் கூறினர். அவர் அதனை நம்பவில்லை. குற்றம் மனிதருடையது, பழியோ விலங்குக்கு!

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ஓநாயின் இடத்தைச் சிறுத்தை பெற்றுள்ளது. காட்டை அழித்துத் தேயிலையும் இறப்பரும் நட்டதால் அதன் வாழிடம் துண்டாடப்பட்டது. குப்பைகளை நாடி வரும் நாய்களைத் தேடி அது லயன்களை நெருங்குகின்றது. விடியுமுன் பால் வெட்டச் செல்லும் தொழிலாளியின் அச்சம் நியாயமானதே. ஆயினும் சிறுத்தை இயல்பாகவே மனிதரைத் தவிர்க்கும் விலங்காகும். காயமுற்ற அல்லது சிக்குண்ட சிறுத்தையே பேராபத்தானது.

பன்றிக்கென வைக்கப்படும் கம்பி வலை அத்தகைய ஆபத்தையே உருவாக்குகின்றது. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் வலையில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, உடவளவையில் சிகிச்சை பலனின்றி இறந்தமை குறிப்பிடத்தக்கது.

வலைகளையும் குப்பைகளையும் அகற்றி, லயன்களுக்கும் பாதைகளுக்கும் வெளிச்சம் வழங்குவது தோட்ட நிர்வாகங்களின் கடமையாகும். அதனைச் செய்யாது, தொழிலாளியின் அறியாமை மீதும் சிறுத்தையின் கொடூரம் மீதும் பழி சுமத்துவது யூசுப் நபியின் சகோதரர்கள் செய்ததையே மீண்டும் செய்வதாகும்.