மாத்திரையை ஏன் ஒளித்துச் சாப்பிட வேண்டும்?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது அது தெரியவந்தது. அன்று இந்தக் கிருமிக்கு மருந்து கிடையாது. அந்தக் காலத்து பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. இன்றும் நாம் அதே பயத்தோடு இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

எச்.ஐ.வி. நம் உடலின் எதிர்ப்பாற்றலுக்கு ஆதாரமான சி.டி.4 அணுக்களுக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அவற்றை அழிக்கிறது. அப்படிப் பெருகவிடாமல் தடுப்பதுதான் ஏ.ஆர்.டி. மருந்தின் வேலை. பெரும்பாலோருக்கு மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு வேளை. 2004 முதல் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இது இலவசம். தவறாமல் சாப்பிட்டால், பொதுவாக ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் கிருமியின் அளவு சோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடும். கிருமி முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. மருந்தை நிறுத்தினால் மறுபடி தலைதூக்கும். அதனால் மாத்திரை ஆயுளுக்கும் தேவை. சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் நம் வீடுகளில் அப்படித்தானே சாப்பிடுகிறோம்?

பலருக்கும் இன்னும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. கிருமி அளவு தென்படாத நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாக எச்.ஐ.வி. அடுத்தவருக்குப் பரவுவதில்லை. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள இணையர்களை ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்கில் கவனித்த 'பார்ட்னர்' ஆய்வுகளில், ஆணுறை இல்லாத உறவிலும், சிகிச்சையில் கிருமி கட்டுப்பட்டிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சிகிச்சை பெரிய ஆறுதல். சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையான சிகிச்சையில் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. கைகுலுக்குவது, ஒரே தட்டில் சாப்பிடுவது, கொசுக்கடி, பொதுக் கழிப்பறை ஆகியவற்றால் எச்.ஐ.வி. எப்போதுமே பரவியதில்லை.

இத்தனை இருந்தும் எச்.ஐ.வி. உள்ள பலர் மாத்திரையை வேறு டப்பாவில் மாற்றி ஒளித்து வைக்கிறார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று உள்ளூர் மையத்தை விட்டுப் பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் ஏறுகிறார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அன்றைய மாத்திரை தவறுகிறது. இப்படி அடிக்கடி விட்டுப்போனால் கிருமி மீண்டும் பெருகும், மருந்துக்கும் அடங்காமல் போகலாம். ஆக, ஒதுக்கிவைப்பது மனத்தை மட்டும் புண்படுத்துவதில்லை, சிகிச்சையையே கெடுக்கிறது.

'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். ஆணுறை பற்றித் தமிழ்நாட்டை வெளிப்படையாகப் பேசவைத்தது அது. ஆனால் எச்.ஐ.வி. என்றாலே நடத்தைக் கோளாறு என்ற எண்ணம் மட்டும் இங்கே போகவே இல்லை. அதன் சுமை பெண்கள் தலையில்தான் அதிகம் விழுகிறது. கர்ப்பகாலப் பரிசோதனையில் மனைவிக்கு முதலில் தெரியவருகிறது; கணவனிடமிருந்து தொற்றியிருந்தாலும் பழி அவள்மேல். கணவன் இறந்தபின் புகுந்த வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் உண்டு. இது அநியாயம் மட்டுமல்ல, சட்டவிரோதம். 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. - எய்ட்ஸ் சட்டம், பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்டோருக்கும் குடும்ப வீட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. வேலையிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ வாடகை வீட்டிலோ பாகுபாடு காட்டக்கூடாது என்றும், சம்மதமின்றிப் பரிசோதிக்கக்கூடாது என்றும் சொல்கிறது.

உங்களை நம்பி ஒருவர் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதாகச் சொன்னால், எப்படி வந்தது என்று குடையாதீர்கள். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அவர் சொன்னதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். உங்களுக்கே சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், முடிவு ரகசியமாக வைக்கப்படும். விவரம் கேட்க 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.