வருடத்தில் ஐந்து நாள், வடக்கே ஒரு ஏரி

பிள்ளைகள் பிறந்த பிறகு நீங்கள் உங்கள் நண்பர்களை எங்கே சந்திக்கிறீர்கள்? நாங்கள் சந்திப்பது பெரும்பாலும் பிறந்தநாள் விழா மண்டபத்தில்தான். ஒரு கையில் பேப்பர்த் தட்டு, மற்றக் கையில் பிள்ளையின் ஜாக்கெட். "எப்பிடி மச்சான்?" "போகுதடா." அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டு விடுவார்கள்.

நாங்கள் ஐந்து பேர், ஸ்கார்புரோவில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இப்போது மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் என்று ஆளுக்கொரு பக்கம். ஆளுக்கொரு வீட்டுக்கடன், எல்லாருக்குமாக ஒன்பது பிள்ளைகள். வாட்ஸ்அப் குழுவில் தினமும் கதைக்கிறோம்தான். ஆனால் அதில் வருவது கிரிக்கெட், மீம், வட்டி வீதம்.

வருடத்தில் ஐந்து நாள் மட்டும் இது மாறும். ஜூன் நடுவில் இரண்டு வாகனத்தில் மிசினைபி ஏரிக்குப் போவோம். இந்த வருடத்தோடு ஒன்பது தடவை.

ஒன்ராறியோவில் இரண்டரை லட்சம் ஏரிகளுக்கு மேல் இருக்க, ஏன் இவ்வளவு தூரம் என்று எல்லாரும் கேட்பார்கள். தூரம்தான் காரணம். ரொறன்ரோவிலிருந்து சட்பரி 400 கிலோமீற்றர். பிறகு 17ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே தெசலோன், அங்கிருந்து 129ஆம் சாலையில் வடக்கே சாப்லோ என்ற சின்ன ஊர். டாங்கையும் ஐஸ் பெட்டியையும் அங்கேதான் நிரப்ப வேண்டும். அதற்குப் பிறகு 90 கிலோமீற்றர் அளவில் சரளைக்கல் வீதி. அந்த வீதி சாப்லோ வனவிலங்குக் காப்பகத்தின் ஊடாகப் போகிறது. 7,000 சதுர கிலோமீற்றர் காடு. 1925 முதல் அங்கே வேட்டைக்குத் தடை. மூஸும் கரடியும் வீதியைக் குறுக்கறுக்கும். மெதுவாக ஓட்டினால்தான் தப்பலாம்.

சரளைக்கல் வீதி தொடங்கி கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னல் போய்விடும். நான் மென்பொருள் பொறியியலாளர். மாதத்தில் ஒரு கிழமை 'ஒன்-கோல்', இரவு இரண்டு மணிக்கும் எழும்பி சேர்வர் பார்க்கிற வேலை. யாரும் கூப்பிட முடியாத இடம் எனக்கு வேறெங்கும் இல்லை.

அங்கே பிடிப்பது பெரும்பாலும் வோல்ஐ. முதல் வருடம் அப்பாவிடம் பெயரைச் சொன்னபோது, "என்ன, வாளையோ?" என்றார். வாளை இல்லை. நன்னீர் மீன், வெள்ளைச் சதை, முள் குறைவு. அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் இருக்கிறது. டோர்ச் அடித்தால் பூனைக் கண் மாதிரி மின்னும். மங்கலான வெளிச்சத்தில் அதற்கு இரையை விட நன்றாகக் கண் தெரியும் என்பதால், விடியலிலும் பொழுது படுகிற நேரத்திலும்தான் நன்றாகக் கடிக்கும். ஜூனில் அங்கே சூரியன் மறைய ஒன்பதரை ஆகும். ஆகவே இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு மேல்தான். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு பிரட்டி இரும்புச் சட்டியில் பொரியல். பாணும் சம்பலும். அப்பாவுக்காக ஒரு மீனைத் தலையோடு கொண்டு வருவேன். "முள்ளில்லாத மீன் என்ன மீன்" என்று சொல்லிக்கொண்டே தலையைச் சொதி வைத்துக் குடிப்பார்.

சரி, மீன் பிடிக்கவா இவ்வளவு தூரம்? எனக்கு அதற்குப் பதில் கிடைத்தது மூன்றாவது வருடம்.

அன்று மாலை ஒரு வள்ளத்தில் மூன்று பேர் இருந்தோம். காற்று இல்லை. மூன்று பேரும் தூண்டில் நுனியைப் பார்த்தபடி இருக்க, ஒருவன் திரும்பாமலே சொன்னான்: "மச்சான், எனக்கு வேலை போய் நாலு மாசம். வீட்டிலே இன்னும் சொல்லேல்லை." ஒவ்வொரு நாளும் காலையில் லாப்டொப்போடு வெளிக்கிட்டு நூலகத்தில் போய் இருந்திருக்கிறான். அந்த நாலு மாதமும் எங்கள் குழுவில் மீம் போட்டுக்கொண்டுதான் இருந்தான். எங்கள் ஒருத்தருக்கும் தெரியாது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மற்றவன் கேட்டான், "இந்த மாச மோர்ட்கேஜுக்கு எவ்வளவு வேணும்?" அவ்வளவுதான். அறிவுரை இல்லை, கட்டிப்பிடிப்பு இல்லை. அன்றிரவு நெருப்புக்குப் பக்கத்தில் இருந்து ஐந்து பேரும் யாருக்கு எந்தக் கம்பனியில் ஆள் தெரியும் என்று ஒரு கொப்பியில் எழுதினோம். திரும்பும்போது, தன்னைக் கடைசியாக இறக்கச் சொன்னான். அன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிட்டான். ஏழு கிழமையில் வேறு வேலை கிடைத்தது. இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "பெயர் போடாமல் எழுது, யாருக்காவது உதவும்" என்றான்.

இதைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்தேன். எங்கள் அப்பாமார் வந்த காலத்தில் ஒரே பேஸ்மென்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒரே தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் செய்தார்கள், சீட்டுக் கட்டினார்கள். யாருக்கு வேலை போனாலும் அடுத்த நாளே எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குத் தனித்தனி வீடு கிடைத்தது, நல்ல வேலை கிடைத்தது. ஆனால் ஒருவன் விழுந்தால் மற்றவனுக்குத் தெரிய வருகிற அந்த வழி அடைபட்டுப் போனது. ஆம்பிளைகள் முகத்துக்கு முகம் பார்த்து இப்படியான கதை கதைக்க மாட்டார்கள். பக்கத்தில் இருந்து, கையில் வேறு ஒரு வேலை இருந்தால், மூன்றாம் நாள் வாய் திறப்பார்கள். அதற்குத்தான் ஐந்து நாள் வேண்டும்.

இதில் வீட்டுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. நாங்கள் ஏரியில் இருக்கிற ஐந்து நாளும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம், நீச்சல், ட்யூஷன் என்று தனியே ஓட்டுவது மனைவிமார். இரண்டாம் வருடமே என் மனைவி கேட்டார்: "உங்களுக்கு மட்டும்தான் களைப்போ?" நியாயமான கேள்வி. அன்று முதல் ஒரு ஒப்பந்தம். ஒக்டோபரில் ஐந்து பெண்களும் ஐந்து நாள் எங்கேயாவது போவார்கள். நாங்கள் வீட்டில். நாட்களை எண்ணித்தான் போடுகிறோம், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்தப் பயணம் ஒன்பது வருடம் நின்று பிடித்ததற்கு இதுதான் காரணம்.

மூத்த பிள்ளைகள் இப்போது "எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த ஐந்து நாளை நாங்கள் மாற்றப் போவதில்லை. பிள்ளைகளுக்கு வேறு நாள், வேறு ஏரி: கிட்ட இருக்கிற சிம்கோ, பேர்ச் மீன். அதற்கும் ஒரு நிபந்தனை, முதலில் நீச்சல். "தண்ணிப் பக்கம் போகாதே" என்று பயம் காட்டி வளர்க்கப்பட்டவர்கள் எங்களில் பலர். இத்தனை ஏரி உள்ள மாகாணத்தில் அந்தப் பயத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பதை விட நீச்சல் பழக்குவது நல்லது.

நீங்களும் இப்படி ஒன்று தொடங்க நினைத்தால், இவற்றைக் கவனியுங்கள்.

ஒன்ராறியோவில் வசிக்கிற 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். 18 வயதுக்குக் கீழே தேவையில்லை. பெப்ரவரி குடும்ப தின வார இறுதி, அன்னையர் தின வார இறுதி, தந்தையர் தின வார இறுதி, கனடா தினத்தை ஒட்டிய கிழமை ஆகிய நாட்களில் கனடாவில் வசிக்கும் எவரும் லைசென்ஸ் இல்லாமலே பிடிக்கலாம். முதல் தடவைக்கு அதுதான் வசதி.

வோல்ஐ பொதுவாக ஒருவருக்கு 4. குறைந்த விலை 'கன்சர்வேஷன்' லைசென்ஸ் என்றால் 2. இது ஒரு நாளைக்கான கணக்கு மட்டும் இல்லை. கையில் வைத்திருக்கக்கூடிய மொத்தமும் அதுதான். வீட்டு ஃப்ரீசரில் கிடக்கிறதும் அதில் சேரும். நீளக் கட்டுப்பாடு வலயத்துக்கு வலயம் மாறும், போக முதல் பாருங்கள். பெரிய பெட்டை மீன்களை நாங்கள் திரும்ப விட்டுவிடுவோம். குளிர்ந்த ஏரியில் அவை வளர்ந்து முட்டை போடப் பல வருடம் எடுக்கும். பெரிய மீனில் பாதரசமும் கூட, சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க அது நல்லதில்லை.

எஞ்சின் வள்ளம் ஓட்டுபவருக்குத் தனி அட்டை வேண்டும். ஆளுக்கு அளவான லைஃப் ஜாக்கெட் வள்ளத்தில் கிடந்தால் சட்டத்துக்குப் போதும். எங்கள் விதி, உடம்பில் போட்டிருக்க வேண்டும். குளிர்நீரில் விழுந்தால் 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு: மூச்சை அடக்க 1 நிமிடம், கைகால் சொல்லுக் கேட்க 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப 1 மணித்தியாலம். ஜாக்கெட் இல்லாவிட்டால் அந்தக் கடைசி ஒரு மணித்தியாலம் கிடைக்காது.

ஒரு செட்டலைற் கருவி வாடகைக்கு எடுங்கள். இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு ஒரு வரி: "எல்லாரும் சுகம்."

இன்னொன்று. அடுத்த வருடத் திகதியை சாப்லோவுக்கு வந்து சேர முதலே, சிக்னல் திரும்ப வராத அந்தச் சரளைக்கல் வீதியிலேயே பேசி முடித்துவிடுங்கள். சிக்னல் வந்த பிறகு ஐந்து பேரின் கலண்டரும் ஒத்து வராது.