555 என்றொரு சிரிப்பு

(மூன்றாமாண்டு இளம் அறிவியல், கணிதம்)

கணிதம் பயிலும் என்னிடம் 555 என்று சொன்னால் என்ன தோன்றும்? மூன்றாலும் ஐந்தாலும் முப்பத்தேழாலும் வகுபடும் எண். அவ்வளவே. ஆனால் இவ்வெண்ணைக் கண்டு பத்து நாள் உறக்கம் கெட்டவர் ஒருவரை நான் அறிவேன். அவர் என் பெரியப்பாவின் மகன்.

அண்ணன் 2019ஆம் ஆண்டு பாங்காக் நகரில் ஓர் உணவு விடுதியின் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த மாதமே கை தவறி ஓர் அடுக்குத் தட்டுகளைப் போட்டு உடைத்துவிட்டார். அன்றிரவு மேலாளருக்குக் கைபேசியில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். பதில் வந்தது: 555. வேறு ஒரு சொல் இல்லை. 555 பாட் அபராதம் என்றே அண்ணன் முடிவு கட்டினார். நம் பணத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல்! சம்பள நாளன்று பணம் குறையாமல் வரவே, உடன் வேலை செய்பவரிடம் செய்தியைக் காட்டினார். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "நான் இப்போது செய்தேனே, அதுதான் இது" என்றாராம்.

காரணம் எளிது. தாய்லாந்து மொழியில் (தாய் மொழி என்றெழுதினால் நம் தாய்மொழியோடு குழம்பும்) ஐந்துக்குப் பெயர் 'ஹா'. மூன்று ஐந்துகளை அடுத்தடுத்துச் சொன்னால் ஹா ஹா ஹா! அம்மொழியில் ஐந்து தொனிகள் உண்டு. தொனி மாறினால் பொருள் மாறும். ஐந்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஒரு ஹகரம், சிரிப்பொலிக்கு வேறோர் ஹகரம் என எழுத்தில் வேறுபாடு இருக்கிறது. ஒலித்தாலோ இரண்டும் ஒன்றே. மேலிருந்து கீழிறங்கும் தொனியும் ஒன்றே. பொருத்தத்தைப் பாருங்கள்!

சிரிப்பு மிகுந்தால் ஐந்துகளும் பெருகும். 55555 என்று நீளும். முடிவில் ஒரு கூட்டல் குறியும் சேரும். 555+ என்றால் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை என்று கொள்ள வேண்டும். கூட்டல் குறிக்கு இப்படி ஒரு பயன் உண்டென்று எங்கள் பாடநூலில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கணிப்பொறியின் தட்டச்சுப் பலகையைத் தாய்லாந்து எழுத்துக்கு மாற்றி வைத்திருக்கையில், 5 இருக்கும் விசையை அழுத்தினால் எண் விழாது. 'தோ துங்' என்னும் எழுத்து விழும். 'துங்' என்றால் பை. அவசரத்தில் விசைப் பலகையை மாற்ற மறந்தவர்களின் சிரிப்பெல்லாம் இப்படித் 'தோ தோ தோ'வாகப் போய்ச் சேர்ந்தது. பிழையைப் புரிந்துகொண்டவர்கள் அதையும் சிரிப்பாகவே ஏற்றுக்கொண்டனர். இன்று வேண்டுமென்றே அப்படி எழுதுவோரும் இருக்கின்றனர்.

ஜப்பானியர் சிரிப்பு என்னும் தம் சொல்லின் முதலொலியான ஆங்கில எழுத்தை 'டபிள்யூ டபிள்யூ' என வரிசையாக அடுக்குவர். அது புல் முளைத்ததுபோல் தெரிவதால் சிரிப்புக்கே 'புல்' என்று பெயராயிற்று. அது கிடக்கட்டும். என்னை வியக்க வைத்தது சீனம். சீனத்தில் ஐந்து என்பது 'வூ'. விம்மி அழும் ஒலியும் 'வூ வூ'. எனவே அங்கே 555 என்றால் அழுகை! பாங்காக்கில் சிரிக்கும் எண் பெய்ஜிங்கில் அழுகிறது. இத்தனைக்கும் தாய்லாந்தின் 'ஹா' பழஞ்சீனத்திலிருந்து வந்த சொல்லே என மொழியியலார் பலர் கருதுகின்றனர்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டில் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் காரணங்களில் எள்ளலையும் சேர்த்தார். அந்த மேலாளரின் நகை எள்ளல் அன்று. 'தட்டுதானே, போகட்டும்' என்பதே அதன் பொருள் என்று அண்ணன் இன்றும் சொல்கிறார். முகம் பார்த்துச் சிரித்தால் இது உடனே விளங்கியிருக்கும். மூன்று எண்களுக்கு முகம் ஏது?

சென்ற பருவத்தில் ஒரு தாளில் தோற்றுவிட்டேன். வீட்டில் சொல்லத் துணிவின்றி அண்ணனுக்குத்தான் முதலில் எழுதினேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது: 555. இத்தனையும் அறிந்திருந்தும் என் முகம் வாடத்தான் செய்தது. பிறகு உற்றுப் பார்த்தேன். கூட்டல் குறி இல்லை.