கொலாபாவில் துடித்த காந்த ஊசி!

எங்கள் சேத்தியாத்தோப்பில் இரவு மொட்டை மாடிக்குப் போனால், நெய்வேலிப் பக்கம் வானம் வெளுத்துத் தெரியும். அது சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் எரியும் விளக்குகளின் வேலை. விளக்கே இல்லாமல், பச்சையும் சிவப்புமாகத் திரைச்சீலை போல வானம் அசைந்து ஒளிரும் இடங்களும் உண்டு, தெரியுமா? வடகோடியில் நார்வே, கனடா. தென்கோடியில் நம் விஞ்ஞானிகள் தங்கும் அண்டார்டிகாவின் மைத்ரி நிலையம். இதற்குத் துருவ ஒளி என்று பெயர்.

இரண்டு கோடியிலும் ஏன்? சட்டக் காந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத்தூள் தூவினீர்களே, நினைவிருக்கிறதா? ஒரு முனையில் கிளம்பும் வளைவு மறு முனையில் போய் முடியும். பூமியும் ஒரு பெரிய காந்தம்தான். சூரியன் சில சமயம் மின்னூட்டம் கொண்ட துகள்களைக் கூட்டமாக வீசியெறியும். அவை மோதியதும் பூமியின் காந்தப்புலம் கலங்கும். இதுதான் காந்தப் புயல். அப்போது எலக்ட்ரான்கள் காந்த விசைக் கோடுகள் வழியே வடக்கேயும் தெற்கேயும் சறுக்கி இறங்கும். 100 கி.மீ. உயரத்துக்குச் சற்று மேலே ஆக்சிஜனில் மோதினால் பச்சை, 200 கி.மீ.க்கு மேல் என்றால் சிவப்பு. அதனால் வடக்கே ஒளிர்ந்தால் தெற்கேயும் ஒளிரும், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி! (அச்சு அசலாக அல்ல. இரட்டையரிலும் ஒருவனுக்கு மச்சம் இருக்குமே!)

1770 செப்டம்பரில் தைமோர் தீவருகே சென்ற கேப்டன் குக்கின் கப்பலில் இருந்தவர்கள் தென்வானில் செந்நிற ஒளி கண்டார்கள். அதே சமயம் சீனாவில் வடவானம் சிவந்ததாகக் குறிப்பு இருக்கிறது. ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியாது!

'நமக்கு அதெல்லாம் தெரியாதே, சார்?' என்பீர்கள். ஒளி நம்மிடம் வருவது அபூர்வம். காந்தக் கலக்கம் கட்டாயம் வரும். 1859 செப்டம்பர் 1 அன்று சூரியனில் திடீர் வெளிச்சம் ஒன்றை இங்கிலாந்தில் ரிச்சர்டு கேரிங்டன் பார்த்தார். சுமார் பதினேழரை மணி நேரத்தில் காந்தப் புயல் பூமியைத் தாக்கியது. கியூபாவிலும் சிலியிலும் துருவ ஒளி தெரிந்தது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது.

அப்போது மும்பையில் பகல். கொலாபா ஆய்வகத்தில் காந்தங்களின் அசைவைக் கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். புவிகாந்த வலிமை சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்தது; ஏறக்குறைய 25-இல் ஒரு பங்கு! புயலின்போது பூமத்திய ரேகைக்கு மேலே விண்வெளியில் ஒரு மின்னோட்டம் பூமியை வளையமாகச் சுற்றும். சரிவுக்கு அதுவும் ஒரு காரணம். அந்த வளையத்தை அளக்கத் துருவத்தைவிட நம் பக்கம்தான் வசதி. துருவத்தில் அந்த ஒளியோடு வரும் மின்னோட்டங்களே ஊசியைக் குழப்பிவிடும். இன்றும் அந்தப் புயலின் வலிமையைக் கணக்கிட, விஞ்ஞானிகள் கொலாபாவின் பழைய ஏடுகளைத்தான் புரட்டுகிறார்கள்.

பிறகு மும்பைக்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், ஊசி கெட்டுவிடுமே என்று 1904-இல் ஆய்வகத்தை அலிபாக்குக்கு மாற்றினார்கள். காந்தம் ஒட்டாத பொருள்களாலேயே கட்டிய கட்டடம் அது!

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? 1989 மார்ச் 13 அன்று இப்படி ஒரு புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்சாரம் போய், 60 லட்சம் பேர் சுமார் ஒன்பது மணி நேரம் தவித்தார்கள். நீண்ட மின்கம்பிகள் என்றால் ஆபத்து அதிகம்.

2024 மே 10-ஆம் தேதி இரவு வந்த புயலில், லடாக்கின் ஹான்லே ஆய்வகக் கேமராக்களில் வானம் சிவப்பாகப் பதிவானது. அதே புயலின்போது தெற்கே நியூசிலாந்திலும் வானம் ஒளிர்ந்தது.