வீடும் விடுதியும்: கம்பியில்லா வலையில் அடையாளம் குறித்துச் சில குறிப்புகள்

ஒரு கருவி யாரை நம்புகிறது, எந்த அடிப்படையில் நம்புகிறது என்பது தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றினாலும் அதற்குள் ஒரு சமூகவியல் ஒளிந்திருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறம் செருகும் குரோம்காஸ்ட் போன்ற கருவிகளை வைத்து இதைப் பேசலாம். எங்கள் ஆர்.கே.பேட்டையிலிருந்து போய்ச் சென்னைக்கருகே ஒரு பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கும் உறவுக்காரப் பையன் என்னிடம் கேட்டான்: "வீட்டுல செருகின உடனே ஓடுது மாமா. ஹாஸ்டல் வைஃபைல ஏன் ஓட மாட்டேங்குது? அதே குச்சிதானே?" அதே குச்சிதான். மாறியது, அது செருகப்படும் உறவுமுறை.

1

குரோம்காஸ்ட் 2013இல் விற்பனைக்கு வந்தது. கைபேசி முதலில் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு ஒரு குரல் கொடுக்கிறது: 'இங்கே திரை ஏதும் இருக்கா?' வலைக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் அது கேட்கும். குச்சி பதில் சொல்லும். பிறகு கைபேசி வெறும் ரிமோட்தான். படத்தை இணையத்திலிருந்து குச்சி நேரடியாகவே இழுத்துக்கொள்கிறது. திண்ணையில் நின்று கூப்பிடுவதைப் போன்ற ஏற்பாடு இது. கேட்கும் தூரத்தில் இருப்பவர் எல்லாம் வீட்டு மனுஷர், எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் என்பது அதன் முன்அனுமானம்.

ஆனால் இந்த 'வீடு' எந்த வீடு? சொந்த இணைப்பும் தனிச் சுவரும் கொண்ட நடுத்தர வர்க்கச் சிறுகுடும்பத்தின் வீடு. தறி போட்ட வீட்டில் வீடும் தொழிற்கூடமும் ஒன்று. யார் குடும்பம், யார் கூலிக்கு வந்தவர் என்ற கோடு அங்கே இவ்வளவு சுத்தமாக விழுவதில்லை. கருவி இதையெல்லாம் யோசிப்பதில்லை.

2

பல்கலைக்கழக வலை இதற்கு நேர் எதிரான அனுமானத்தில் நிற்கிறது: உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் மற்றவருக்கு அந்நியர். எனவே மூன்று தடைகள்.

ஒன்று, தனித்தனிப் பயனர் பெயர். 2002இல் ஐரோப்பாவில் முன்மொழியப்பட்டு, இன்று இந்தியாவில் எர்நெட் வழியாக நடக்கும் எடுரோம் ஏற்பாடும் இம்முறையே. பல குச்சிகளில் கடவுச்சொல்லுக்கு இடம் உண்டு. பயனர் பெயருக்கு இடமே கிடையாது. இரண்டு, சில வளாகங்களில் உலாவியில் ஒரு பக்கம் திறந்து உள்நுழைய வேண்டும். குச்சிகள் பலவற்றில் உலாவி இல்லை. மூன்று, எப்படியோ உள்ளே போய்விட்டாலும், ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி வலையே பிரித்து வைக்கிறது. பொதுக் குரல்கள் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தாண்டுவதும் இல்லை.

கடைசித் தடைக்கு நியாயமான காரணம் உண்டு. ஆயிரம் கருவிகள் ஒரே நேரத்தில் 'யார் இருக்கா?' என்று கூவினால், அலைவரிசை நேரம் கூவலிலேயே தீர்ந்துவிடும். 2012இல் அமெரிக்கப் பல்கலைக்கழக வலை நிர்வாகிகள், வீட்டுக்காகச் செய்த இந்த முறையை வளாகத்துக்கும் பொருந்தும்படி மாற்றச் சொல்லி ஆப்பிளுக்கே மனுப் போட்டார்கள்.

3

சரி, இதுல என்ன அரசியல்? பல்கலைக்கழகத்துக்குப் பொருள் என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு ஆளின் பெயரில் தொங்கினால்தான் அது இருக்கிறது. கணினி மையத்தில் போய்க் குச்சியின் மேக் முகவரியை, அதாவது அதன் பன்னிரண்டு இலக்க அடையாளத்தை, பதிந்துகொள்ளச் சொல்வது அதனால்தான். பதிவது, எண்ணிடுவது, வரிசைப்படுத்துவது வழியாக நிறுவனங்கள் தனிநபரை உருவாக்குவது பற்றி ஃபூக்கோ 1975இல் எழுதியது இங்கே நினைவுக்கு வரும்.

ஆனால் எல்லாவற்றையும் 'கண்காணிப்பு' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2019 ஜனவரியில், இணையத்துக்குத் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான குரோம்காஸ்ட்களில் முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வீடியோவை ஓடவிட்டார்கள். பொதுச் சுவர் கொண்ட விடுதியில், பக்கத்து அறைக்காரர் என் திரையில் கண்டதையும் ஓட்ட முடியாதபடி செய்வது பாதுகாப்புத்தான். பெண்கள் விடுதியில் இன்னும் அதிகமாக. பிரித்து வைத்தல் என்னை அண்டை அறையிடமிருந்து காக்கிறது. பதிவு என்னை நிறுவனத்துக்குக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டும் வேறு வேறு. நிர்வாகங்கள் இரண்டையும் 'பாதுகாப்பு' என்ற ஒரே பெயரில் கொடுக்கும்போதுதான் சிக்கல்.

மூன்றாவதாக ஒழுக்கமும் உள்ளே நுழையும். 2007இல் மும்பை ஐ.ஐ.டி. விடுதிகளில் இரவு 11 மணிக்குமேல் இணையத்தை நிறுத்தியது. மாணவர்கள் பழகுவதில்லை, விளையாட்டிலேயே கிடக்கிறார்கள் என்பது காரணம். இங்கே பேச்சு அலைவரிசை பற்றியது அல்ல, நல்ல மாணவர் யார் என்பது பற்றியது. 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி பி.வி. ஆஷா, கைபேசித் தடையை மீறியதாக விடுதியிலிருந்து நீக்கப்பட்ட கல்லூரி மாணவி ஒருவரின் வழக்கில், இணையத்தை அடைவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தார்.

4

பையனுக்கு உடனடி வழி எளிது: மடிக்கணினிக்கும் திரைக்கும் நடுவே ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் பிரச்சினை அதோடு தீராது. ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுத்து, அவருடைய கருவிகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்படி பெரிய வலைக்குள்ளேயே ஒரு சின்ன வீட்டைக் கட்டித் தரும் முறை இன்று இருக்கிறது. அதற்குச் செலவும் உழைப்பும் ஆகும் என்று சொன்னால் ஏற்கலாம். 'டெக்னிக்கலா முடியாது' என்று சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. மூன்று வருஷம், நாலு வருஷம் ஒருவர் படுத்து எழுந்திருக்கும் இடத்தை நிறுவனம் வீடாக ஒத்துக்கொள்கிறதா, இல்லை வெறும் படுக்கை எண்ணாக வைத்திருக்கிறதா என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.